பதினோராவது கேள்வி

"போலீஸ் கேஸ்ல மாட்டினவளை எல்லாம் ஊசி போட அனுப்பப் போறீங்களா, சிஸ்டர்?"

ராஜாமணி அம்மாள் கையிலிருந்த சாவிக்கொத்தை மேஜைமேல் விட்டெறிந்தாள். ஸ்ரீபெரும்புதூர் அரிசி மில்காரரின் சம்சாரம். மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவள் புருஷன் ஒரு வார்டு கட்டிக் கொடுத்ததிலிருந்து, நர்ஸ் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் கமிட்டியில் அவளுக்கும் ஒரு நாற்காலி. படித்தது எட்டாவது. தோரணை மட்டும் பெரிய டாக்டரம்மா தோரணை.

எதிரே செந்தாமரை நின்றுகொண்டிருந்தாள். வயது இருபது. பயிற்சிப் பள்ளித் தலைவி சிஸ்டர் ரோஸி இரண்டு முறை உட்காரச் சொல்லியும் அவளுக்குக் கால் மடங்கவில்லை. நான்கு வருஷமாக ராஜாமணி அம்மாள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், அந்த அம்மாளுக்குச் சமமாக எப்படி உட்காருவாள்?

விண்ணப்பத்தில் பதினோராவது கேள்வி, 'நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டதுண்டா?' மற்ற நாற்பது பெண்களும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். செந்தாமரை 'ஆம்' என்று எழுதி, பக்கத்தில் 1989 என்று வருஷத்தையும் போட்டிருந்தாள். இரண்டே வருஷத்துக்கு முந்தைய சங்கதி.

"இன்னா கேஸ்னு நான் சொல்றேன், கேளுங்க. கிருத்திகை அன்னிக்கு வல்லக்கோட்டை ரோட்டுல, என் மொபெட்டை ஒரு கிழவன் மேல ஏத்திட்டா. லைசென்சும் கிடையாது. பாவம், அந்தாளுக்குக் காலு ஒடிஞ்சு போச்சு. கோர்ட்டுல ஒத்துக்கினா. அபராதம் போட்டாங்க. கட்டினது யாரு? நான்!"

"பெரிய மனசும்மா உங்களுக்கு" என்றார் கமிட்டிச் செயலாளர் பெரியநாயகம். ராஜாமணி அம்மாள் தும்மினாலும் பாராட்டுகிற மனிதர் அவர்.

"இவ அப்பன் நம்ம மில்லுலதான் மூட்டை தூக்கறான். குடும்பமே நம்ம சோத்துலதான் வளருது. இதுங்களுக்கு எதுக்கு நர்ஸ் உத்தியோகம்? வெள்ளைப் புடவை கட்டினா மட்டும் கை சுத்தமாயிடுமா?"

ராஜாமணி அம்மாளின் வயிற்றெரிச்சல் வேறு. செந்தாமரை போய்விட்டால் நாளையிலிருந்து அந்த வீட்டில் எச்சில் தட்டை யார் எடுப்பது? அதைக் கமிட்டியில் சொல்ல முடியாது. அதனால்தான் இத்தனை ஒழுக்கம் பேசினாள்.

சிஸ்டர் ரோஸி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நீ சொல்லும்மா. அன்னைக்கு என்ன ஆச்சு?"

செந்தாமரை ராஜாமணி அம்மாளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"கோயிலுக்குப் போறப்ப, வளைவுல தாத்தா மேல வண்டி மோதிடுச்சு சிஸ்டர். மடியில இருந்த அர்ச்சனைக் கூடை தெறிச்சு, தேங்கா, பூவெல்லாம் ரோட்டுல உருண்டுச்சு. நான் தாவணியைக் கிழிச்சு அவரு கால்ல கட்டினேன். ஒரு மாட்டு வண்டியில ஏத்தி இங்கதான் இட்டாந்தேன். ஒம்போது நாளு அவரு கூடவே இருந்தேன். அப்பதான் எனக்கு இந்த வேலை மேல ஆசை வந்துச்சு."

"இடிச்சதும் இவளே, கட்டு போட்டதும் இவளே! நல்லா கீது கதை!" ராஜாமணி அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். பெரியநாயகமும் அவசரமாகச் சிரித்துவைத்தார்.

சிஸ்டர் ரோஸி சிரிக்கவில்லை. செந்தாமரையின் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அபராதம் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சுது. எனக்கு அதுல ஆட்சேபணை இல்லை" என்றார். "நம்ம பொண்ணுங்க பயிற்சி முடிச்சதும் கிராமம் கிராமமா போகணும். பாதி ஊருக்கு பஸ்ஸே கிடையாது. வந்திருக்கற பொண்ணுங்கள்ல வண்டி ஓட்டறவ இவ ஒருத்திதான்."

ராஜாமணி அம்மாளின் சிரிப்பு நின்றது.

சிஸ்டர் ரோஸி கையை நீட்டி மேஜைமேல் கிடந்த சாவிக்கொத்தை எடுத்தார். "மேடம், உங்க வண்டி வாசல்லதானே நிக்குது? ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டட்டும். ஒழுங்கா ஓட்டினா இன்னைக்கே சீட்டு."

"அதெல்லாம் எதுக்கு சிஸ்டர் இப்ப? வெயில் வேற கொளுத்துது."

"காலை ஒடிச்சவ இப்ப எப்படி ஓட்டறான்னு பார்க்க வேணாமா? நீங்கதானே அவ்வளவு கவலைப்பட்டீங்க."

"சரிதாம்மா" என்று பெரியநாயகம் பழக்க தோஷத்தில் தலையாட்டிவிட்டார். ராஜாமணி அம்மாள் முறைத்த முறைப்பில் அவர் தலை பாதியில் நின்றது.

சாவிக்கொத்து செந்தாமரையின் கைக்கு வந்தது. கொத்தில் ஐந்து சாவிகள். எது வண்டிச் சாவி என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். இந்தச் சீட்டுக்காகத்தான் வேலையெல்லாம் முடித்துவிட்டுத் தெருவிளக்கடியில் உட்கார்ந்து படித்து, பத்தாவது எழுதிப் பாஸ் செய்தாள். வாயைத் திறந்தால் அப்பாவுக்கு மில்லில் வேலை இருக்காது. திறக்காவிட்டால் வாழ்நாள் முழுக்க அந்த வீட்டுப் பாத்திரம்தான்.

"போம்மா. ஏன் நிக்கறே?" என்றார் சிஸ்டர் ரோஸி, மெதுவாக.

செந்தாமரை சாவிக்கொத்தை ராஜாமணி அம்மாளுக்கு முன்னால் வைத்தாள். முதன்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் பின்னாடிதான் குந்திகினு வந்தேன், சிஸ்டர்."