இடப்பக்கச் சரிவு

வேனின் இடது பின்பக்கம் இன்னும் இரண்டு விரல் தாழ்ந்துதான் நின்றது.

ஸமீம் குந்தியிருந்து, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே விரல்களை வைத்துப் பார்த்தான். எழுந்து வலப்பக்கம் போய் அங்கேயும் வைத்துப் பார்த்தான். மறுபடி இடப்பக்கம் வந்தான்.

"நானா, கொஞ்சம் ஒரு எடத்துல இரிங்க. எனக்குத் தலை சுத்துது," என்றான் பாரூக். கம்பளையில் கராஜ் வைத்திருப்பவன்; தன்னைவிட மூத்த ஸமீமை அண்ணன் முறையில் நானா என்பான். காலையிலிருந்து அந்த வேனுக்கு அடியில்தான் கிடந்தான்.

ஸமீமால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

உயரமான பழைய வேன். பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு அவனே பலகையடித்துக் கட்டில் போட்டிருந்தான். ஓர் அடுப்பும் மடக்கு மேசையும் கூட இருந்தன. இப்போது பழைய ஸ்ப்ரிங்குகளை எடுத்துவிட்டு, கட்டையானதும் இறுக்கமானதுமான ஸ்ப்ரிங்குகளைப் போடச் சொல்லியிருந்தான். வேன் நிலத்தோடு ஒட்டி நிற்கும். ஆட்டம் குறையும்.

வாகனத்தை இப்படி இறக்கிக் கேட்பவர்கள் எல்லாம் இளவட்டங்கள்.

"ஸ்டைலுக்கா நானா?"

"படுத்தா ஆடக் கூடா. மட்டமாவும் நிக்கணும். அவ்வளவுதான்."

நவம்பர் மழையில் மலை சரிந்து மண் இறங்கியபோது ஸமீமின் வீடு தப்பிவிட்டது. பக்கத்து வீடு தப்பவில்லை. விடிந்து பார்த்தபோது அந்த இடத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கியின் மூடி மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது.

வந்து பார்த்த அதிகாரிகள், உங்கள் வீட்டில் இருக்கலாம், பிரச்சினை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன் பிறகு மழை பெய்தால் ஸமீமால் அந்தக் கூரைக்குக் கீழே கண்மூட முடியவில்லை. வேனை எடுத்துக்கொண்டு கீழே மைதானத்துக்குப் போய்விடுவான். ஆனால் காற்றடித்தால் வேன் ஆடியது. ஆடும்போதெல்லாம் நிலம்தான் அசைகிறது என்று எழுந்து உட்கார்ந்தான். ஒருபக்கம் கொஞ்சம் சரிந்து நின்றாலும் போதும், உடம்பு கீழே இழுபடுவது போலிருக்கும்.

மனைவி றலியா ஒரு நாளும் கூட வரவில்லை.

"நீங்க போங்க. எனக்கு ஊட்டுலதான் தூக்கம் வரும்," என்பாள். குரலில் சின்ன நடுக்கம்கூட இருக்காது. கதவைச் சாத்தி லைட்டை அணைத்துவிடுவாள்.

அதுதான் அவனைத் தின்றது. மைதானத்தில் படுத்தபடி மலையையே பார்த்துக்கொண்டிருப்பான். சில நாள் பொறுக்க முடியாமல் திரும்பிப் போவான். வாசலில் வேனை நிறுத்திவிட்டு, உள்ளே போகவும் முடியாமல் விட்டுப் போகவும் முடியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருப்பான். உள்ளே அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று நினைக்க வெட்கமாக இருக்கும்.

பாரூக் இடப்பக்க ஸ்ப்ரிங்கை வலப்பக்கத்துக்கும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்துக்கும் மாற்றினான். ஜாக்கை இறக்கினான். வேனைப் பிடித்துப் பலமாகக் குலுக்கிவிட்டான். தெருவில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தான்.

மறுபடியும் இடப்பக்கம்தான்.

"ஸ்ப்ரிங்குல பிழையில்ல நானா. மேலதான் பாரம். கட்டிலுக்குக் கீழ என்ன ஈக்கு?"

"என்ட சாமான்தான். அதுவும் வலப்பக்கம்."

"இந்தப் பக்கம்?"

இடப்பக்கத்துப் பெட்டியை றலியா கேட்டு வாங்கியிருந்தாள், பழைய பாய்கள் போட. ஸமீம் அதைத் திறந்ததே இல்லை.

இப்போது திறந்தான்.

அரிசி மூட்டை ஒன்று. நிரப்பிய தண்ணீர்க் கேன்கள். சட்டி பானைகள். அவளுடைய உடுப்புகள், மடித்து, பொலித்தீனில் சுற்றி. இரண்டு பீங்கான் தட்டு, இரண்டு கோப்பை. எல்லாவற்றுக்கும் மேலே, கயிறு கோத்த ஒரு விசில்.

மலை இறங்கிய பிறகு பள்ளிவாசலில் நடந்த கூட்டத்தில் ஒருவர் சொன்னது ஸமீமுக்கு நினைவு வந்தது. மண்ணுக்குக் கீழேயிருந்து மனிதக் குரல் வெளியே கேட்காது, விசில் கேட்கும் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது றலியா சிரித்தாள்.

விசில் வாங்கிய கடை உறையும் கூடவே கிடந்தது; அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். அதில் இரண்டு விசில்களுக்கு இடம் இருந்தது.

மற்றதை அவன் தேடவில்லை. கொஞ்ச நாளாக றலியா வீட்டுக்குள்ளும், படுக்கையிலும்கூட, கழுத்திலிருந்து முக்காட்டை எடுப்பதில்லை. குளிர் என்று சொல்லியிருந்தாள்.

"எல்லாத்தையும் எறக்கிட்டு அளப்பமா நானா?"

ஸமீம் பெட்டியை மூடினான்.

"வேணாம். இது இப்பிடியே ஈக்கட்டும். இதோட சேர்த்து மட்டம் பாரு."

பாரூக் இடப்பக்க ஸ்ப்ரிங்குக்குக் கீழே தடித்த ரப்பர் வளையமொன்றை வைத்து இறுக்கினான். ஜாக் இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரே அளவு விரல்.

மழை தூறத் தொடங்கியபோது ஸமீம் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினான். றலியா கதவடிக்கு வந்தாள். முக்காடு கழுத்தைச் சுற்றி இறுக்கமாக இருந்தது.

"நீங்க போங்க, எனக்கு..." என்று தொடங்கினாள்.

"எனக்குப் பயமா ஈக்கு றலியா. தனியாப் படுக்க ஏலாது. நீயும் வா."

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு மலையைப் பார்த்தாள்.

"உங்களுக்காகத்தான் வாறேன்," என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள்.

"ஓ," என்றான் ஸமீம். "எனக்காகத்தான்."