சண்டை நின்ற லயம்

"அடியேய் கெழவி! ஒங் கோழிக்கு ஏங் கோவாப் பாத்திய விட்டா மேய வேற எடமே கெடைக்கலையா?"

"ஒங் கோவாவுல எலையா இருக்கு? பூச்சிதான் இருக்கு. ஏங் கோழி திங்கலன்னா அதையும் நீதான்டி கறியாக்கித் தின்னுருப்ப!"

விடிந்தும் விடியாமலும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளின் வாசலில், தொடங்கிவிட்டது. இராமையா போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டார். தேயிலை பெக்டரியில் இரவு வேலை முடிந்து வந்து அப்போதுதான் தலையைச் சாய்த்திருந்தார். ஒரு பக்கத்து வீட்டில் கோழி வளர்க்கும் வேலாயி, மறுபக்கத்து வீட்டில் கோவா என்கிற முட்டைக்கோஸ் போட்டிருக்கும் யோகேஸ்வரி, நடுவில் அவர்.

வேலாயி புருஷனைப் பறிகொடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தனிக்கட்டை. அவளோடு போய் தினமும் வரிந்துகட்டி நிற்கிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா என்று யோகேஸ்வரியைப் பேசாத வாய் இல்லை.

கோயில் கமிட்டித் தலைவரான இராமையா, வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் இருவரையும் சந்நிதியில் நிறுத்தினார். கைபேசியில் கேட்ட பிரசங்கமெல்லாம் அவர் நாக்கு நுனிக்கு வந்தது.

"மனுசன் நல்லா வாழ்றதுன்னா என்னா? சம்பாதிக்கிறதா? சாப்புடுறதா? இல்ல. நிம்மதி! நிம்மதியா இருக்கிறவன்தான் வாழ்றான். மத்தவனெல்லாம் சும்மா மூச்சு விடுறான்."

"அப்ப நல்லாத் தூங்குறவங்கதான் நல்லா வாழ்றவங்களா, அண்ணே?" யோகேஸ்வரி கேட்டாள்.

கூட்டம் சிரித்தது. இராமையா சிரிக்கவில்லை. கற்பூரத்தை ஏற்றி, இனிச் சண்டை போடுவதில்லை என்று மாரியம்மன் மேல் இருவரிடமும் சத்தியம் வாங்கினார்.

மறுநாள் காலை லயத்தில் ஒரு சத்தம் இல்லை. இராமையா குறட்டை விட்டுத் தூங்கினார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். "பாத்தியா, ஏம் பேச்சோட மகிமைய!" என்று பொஞ்சாதியிடம் மீசையை முறுக்கினார்.

வாரம் திரும்பவில்லை. வேலாயி வீட்டுக் கதவு சாத்தியே கிடந்தது. அடுப்புப் புகையும் இல்லை. இராமையா ரொட்டியும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு போனார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"என்னக்கா, முடியலையா? டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல தம்பி. எந்திரிச்சு என்னா செய்யப் போறேன்?"

ரொட்டியைத் தொடவே இல்லை. தட்டோடு திரும்பி வந்தவரை, வேலைக்குக் கிளம்பிய யோகேஸ்வரி வாசலில் மறித்தாள். முகம் வாடிக் கிடந்தது.

"சாப்புட்டாங்களாண்ணே?"

"ஒனக்கு எதுக்கு அது?"

"அவங்க வீட்டுப் பெரியப்பா செத்தப்பவும் இப்பிடித்தான் கெடந்தாங்க. தோட்டமே வந்து பாவம் பாவம்னு அழுதுச்சு. அழ அழ இன்னும் சுருண்டுபோனாங்க. ஒருநாள் ஆத்திரத்துல அவங்க கோழியத் திட்டிப்புட்டேன். வெடுக்குன்னு எந்திரிச்சு வந்து என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க. அப்புறம் தானே ரொட்டி சுட்டுத் தின்னாங்க. அன்னையிலருந்து நானும் விடல. விடிஞ்சதும் மூஞ்சக் கழுவி, தலையச் சீவி, ரெடியா நிப்பாங்கண்ணே!"

இராமையா கோயில் இருந்த பக்கம் ஒரு கும்பிடு போட்டார்.

"சத்தியத்த நான் ஆத்தாகிட்ட பேசிக்கிறேன். நீ ஆரம்பி புள்ள."

யோகேஸ்வரி கொழுந்துக் கூடையை இறக்கினாள். இடுப்பில் கையை ஊன்றினாள்.

"அடியேய் கெழவி! இருக்கியா, போயிட்டியா? ஒங் கோழி செஞ்ச வேலைய வந்து பாரு!"

கதவு படாரென்று திறந்தது.

"நான் ஏண்டி போவணும்? ஒம் பேரப்புள்ளைங்களோடயும் சண்ட போட்டுட்டுத்தான்டி போவேன்!"

இருவரும் கொட்டித் தீர்த்த பிறகு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று யோகேஸ்வரி திட்டிக்கொண்டே ஓடினாள். ஏற்றத்தில் அவள் தலை மறையும்வரை வேலாயி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இராமையாவின் தட்டிலிருந்த ரொட்டியை எடுத்து ஒரு கடி கடித்தாள்.

"அக்கா, அந்தப் புள்ளையத் தப்பா நெனைக்காதீங்க. அது மனசு..."

"எனக்கா தெரியாது?" வேலாயி குரலைத் தாழ்த்தினாள். "புருஷன் டுபாய்க்குப் போனதுலருந்து ஊமையாட்டம் கெடந்த புள்ள தம்பி. அன்னைக்கு ஏங் கோழியத் திட்டுச்சு பாருங்க, அப்பதான் அது மூஞ்சியில உசுரையே பாத்தேன். நீங்க சத்தியம் வாங்குனதும் மறுபடி வாயடச்சுப் போச்சு. பாக்கச் சகிக்காமத்தான் நான் படுத்துட்டேன்."

சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டாள்.

"தெனம் விடியக்காலம் கோழியத் தூக்கிட்டுப் போயி அந்தப் புள்ள பாத்தியில விடுறதே நான்தான். அதுகிட்ட மட்டும் சொல்லிப்புடாதீங்க!"