குளோரோபார்ம் வரும் ரயில்

“வலியே தெரியாதா? சீமையில தூங்க வெச்சுட்டுத்தான் பிரசவம் பாப்பாங்களா?” விழுப்புரம் ரயில்வே பங்களாவில் சவுரியம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

“ஆமாம். அதன் பேர் குளோரோபார்ம். மெட்ராசிலிருந்து டாக்டர் கொண்டு வருகிறார்,” என்றாள் நிறைமாதக் கர்ப்பிணியான துரைசானி.

“நான் அஞ்சையும் கத்திக் கத்தித்தான் பெத்தேன். உங்க பேறாவது சத்தமில்லாம முடியட்டும்.”

“மிலிட்டரி ரயிலுக்கு வழிவிட்டு, டாக்டர் வரும் வண்டி திண்டிவனத்திலேயே நிற்கிறதாம்!” வாசலில் துரை அலறினார்.

துரைசானி வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்தாள். ஊருக்கெல்லாம் மருத்துவச்சியான சவுரியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். “ரயிலுக்காகப் புள்ள காத்துக்கினு இருக்காதுங்க. என் கையப் புடிச்சிக்கினு நல்லா கத்துங்க!”

டாக்டர் மருந்துச் சீசாவோடு ஓடி வந்தபோது, குழந்தை துரைசானியின் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

“அந்த மருந்த வாசல்ல துரைக்குக் காட்டுங்க டாக்டரய்யா,” என்று சிரித்தாள் சவுரியம்மாள். “அவருதான் இன்னும் கத்திக்கினு இருக்காரு!”