எந்தப் போர்ஸ்?

"ஆரும் உங்களைப் போர்ஸ் பண்ணினவையோ?"

றஞ்சித் பாதர் முதலில் அதை ஒழுங்கான தமிழில்தான் கேட்டார். இத்திருமணத்திற்கு எவரேனும் உம்மை நிர்ப்பந்தித்தனரா என்று. ஜெரிசன் முழித்தான். அதனால்தான் பாதர் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு இறங்கி வந்தார்.

வந்தது பிழையாகப் போயிற்று.

ஜெரிசன் குருநகர்க் கரையில் படகு எஞ்சின் திருத்துகிறவன். 'போர்ஸ் காணாது, இழுக்குதில்லை' என்று சொல்லித்தான் எஞ்சின்களை அவனிடம் கொண்டுவருவார்கள். கரையில் அந்தச் சொல்லுக்கு அவன் பயந்ததே இல்லை. ஆனால் ஓர் அறைக்குள், மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனையோடு இருந்து கேட்டபோது அதே சொல் படை, இயக்கம் என்று காதில் விழுந்து அவனை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"நான் ஒரு போர்ஸிலயும் இருக்கேல்லை பாதர். அப்பவும் இல்லை, இப்பவும் இல்லை. ஆமிக்காரர் எல்லாம் விசாரிச்சுத்தான் விட்டவங்கள்."

பாதர் சிரித்தார். சிரித்திருக்கக் கூடாதோ என்று பிறகு தோன்றியது.

"அந்தப் போர்ஸ் இல்லை, ஜெரிசன். கலியாணத்தைக் கட்டு கட்டு எண்டு ஆரும் நெருக்கினவையோ எண்டு கேக்கிறன்."

"ஓ, அதோ?" ஜெரிசனின் தோள்கள் தளர்ந்தன. "ஓம். நல்லா நெருக்கினவை."

பேனை நின்றது.

பாதர் இந்தப் பங்குக்கு வந்து ஒரு கிழமைதான். கலியாண ஒழுங்கெல்லாம் பழைய பாதர் செய்துவைத்துவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். மிஞ்சியிருந்தது இந்த விசாரணை மட்டும். நெருக்கிக் கட்டிவைக்கிற கலியாணம் திருச்சபையின் கண்ணில் கலியாணமே இல்லை. ஞாயிறு பூசையில் கலியாண அறிவித்தலாக இவர்களுடைய பெயரை வாசிக்க முடியாது. அதை இவனுக்கு எப்படிச் சொல்வது?

"ஆர் நெருக்கினது?"

"எங்கடை அம்மா. யசிந்தாவின்ரை அப்பாவும்தான். நான் ஏலாது எண்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் கிடந்தனான்."

இதை அவன் ஏதோ திருவிழாக் கதை மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னான்.

பாதர் எழுந்து கதவைத் திறந்தார். ஆளுக்கு ஆள் தனியாக விசாரிக்க வேண்டும் என்பது விதி. அதனால் யசிந்தா வெளியே சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் இருந்தாள். கடற்கரைப் பள்ளிக்கூடமொன்றின் ரீச்சர். புதுச் சேலை. கூந்தலில் மல்லிகை. பாதரின் முகத்தைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

அவளை வாங்கிலேயே இருக்கச் சொல்லி, பக்கத்தில் இருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். இந்த முறை போர்ஸ் என்ற சொல்லின் பக்கமே போகவில்லை.

"பிள்ளை, உண்மையைச் சொல்லுங்கோ. இந்தக் கலியாணத்துக்கு உங்களை ஆரும் கட்டாயப்படுத்தினவையோ?"

யசிந்தா உள்ளே எட்டி ஜெரிசனைப் பார்த்தாள்.

"உவர் என்ன சொன்னவர்?"

"அவரை அவரின்ரை அம்மா நெருக்கினவ எண்டார். உங்கடை அப்பாவும் எண்டார்."

யசிந்தா தலையில் கை வைத்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மல்லிகை குலுங்கச் சிரித்தாள். பாதருக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

"பாதர், அது முதல் கலியாணம்."

"ஐயோ! அவர் முதலே கட்டினவரோ?"

"ஓம்."

"ஆரை?"

"என்னை."

பிறகு அவள்தான் நிதானமாகச் சொன்னாள். சண்டை முற்றியிருந்த நேரம். இரண்டு குடும்பமும் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தன. பெடியன் பெட்டை என்று பார்க்காமல் இயக்கத்துக்கு ஆள் சேர்க்க வீட்டுக்கு வீடு பிடித்துக்கொண்டு போனார்கள். கலியாணம் கட்டினவர்களை விட்டுவிடுகிறார்களாம் என்று ஒரு கதை பரவியது. ஊர் முழுக்க அவசரக் கலியாணங்கள். ஜெரிசனுக்குப் பதினெட்டு. அவளுக்கு அதற்கும் குறைவு. அதுவரை இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. தறப்பாளுக்குக் கீழே ஒரு மஞ்சள் கயிறு. பூசை இல்லை, பாட்டு இல்லை. அவள் அழுதுகொண்டே கழுத்தை நீட்டினாள். அவனும் அழுதுகொண்டுதான் கட்டினான்.

சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது ஒரு கலியாணப் பதிவு. குருநகருக்குத் திரும்பி வந்த பிறகு வீடு, எஞ்சின், அவளுடைய படிப்பு, இரண்டு பிள்ளைகள். கோயிலில் கட்டுவது தள்ளித் தள்ளிப் போனது.

பாதர் திறந்திருந்த கதவுக்குள்ளால் ஜெரிசனைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப இந்த முறை? அவரை நீங்கள் நெருக்கினீங்களோ, உங்களை அவர் நெருக்கினவரோ?"

"ஒருத்தரும் நெருக்கேல்லை பாதர். ஒரு நாள் வேலையாலை வந்து, கையைக் கூடக் கழுவேல்லை, குசினி வாசலிலை நிண்டு கேட்டவர். என்னைக் கட்டுறீரோ எண்டு." யசிந்தா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். "அப்ப ஆரும் என்னட்டைக் கேக்கேல்லைத்தானே. அதாலை, யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான்."

"எவ்வளவு நாள் யோசிச்சனீங்கள்?"

அவள் வாய் திறக்க முதல் அறைக்குள்ளிருந்து ஜெரிசனின் குரல் வந்தது.

"ரெண்டு வருசம் பாதர். சோறு போட்டுக்கொண்டே யோசிச்சவ."