போடாத ஓட்டு

"நல்லா ஏமாந்தீங்க."

கடையிலிருந்து வந்த மனைவி பையைக் கீழே வைக்கும் முன்பே சொன்னாள். "பள்ளிக்கூட வாசல்ல எதிர்வீட்டு டிரைவரோட கார் நிக்குது. ஆள் உள்ளே ஓட்டுப் போட்டுட்டு இருக்கார்."

அவனுக்கு வாயில் இருந்த டீ இறங்கவில்லை.

எதிர்வீட்டு பஸ் டிரைவர் இந்த மண்ணில் பிறந்தவர். இந்த மாகாணம் தனி நாடாக வேண்டும் என்று பத்து வருஷமாக ஜன்னலில் கொடி கட்டியவர். அவனோ பிழைக்க வந்தவன். தனி நாடானால் அவனுடைய வேலை பர்மிட் செல்லாது. மறுபடி விண்ணப்பம், கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். பிரிவதா வேண்டாமா என்று அன்று நடந்த வாக்கெடுப்பில், குடியிருக்கிற எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்பதால் அவனுக்கும் ஒன்று இருந்தது.

போன வாரம் மாடிப்படியில் டிரைவர்தான் யோசனை சொன்னார்.

"தம்பி, நான் பிரியணும்னு போடுவேன், நீங்க கூடாதுன்னு போடுவீங்க. ரெண்டும் அடிபட்டுப் போகும். எதுக்கு மழையில போய் வரிசையில நிக்கணும்? பேசாம வீட்டுலயே இருப்போம்."

கை குலுக்கிக்கொண்டார்கள்.

"உங்க நேர்மையை ஊறுகாய்தான் போடணும்," என்றாள் மனைவி. "அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. ஒரு ஓட்டுல போச்சுன்னா பொண்ணை எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேர்ப்பீங்க?"

நாலே முக்காலுக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினான். போட்டுவிட்டு வெளியே வந்தவன் கோட்டில், எல்லோருக்கும் ஒட்டுவதுபோல ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள். எதிர்வீட்டுக் கதவைப் பார்க்காமல் படியேறினான்.

விடிந்தபோது முடிவு வந்திருந்தது. மாகாணம் பிரியவில்லை. மனைவி பர்மிட்டை எடுத்து ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்தாள். அவன் பல நாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

படியில் டிரைவர், சீருடையில்.

"நேத்து பள்ளிக்கூடத்துல உங்க காரைப் பார்த்ததா வீட்டுல சொன்னா," என்றான், கொஞ்சம் குத்தலாக.

"அதை ஏன் கேக்கறீங்க. என் மாமியார் உங்க பக்கம். முழங்கால் வலி. பெத்த மகளே கூட்டிட்டுப் போக மாட்டேன்னுட்டா. நான்தான் கைத்தாங்கலா உள்ளே கூட்டிட்டுப் போனேன்."

"அப்போ நீங்க?"

"நான் எப்படிப் போடுவேன்? உங்க கையைப் பிடிச்சுச் சொன்னேன்ல." டிரைவர் பெருமூச்சு விட்டார். "தோத்ததுல வருத்தம்தான். ஆனா நீங்க ஊரைவிட்டுப் போக வேண்டாம் பாருங்க, அது ஒரு நிம்மதி."

"அண்ணே, நான் நேத்து..."

டிரைவரின் பார்வை அவன் கோட்டில் இருந்தது. குனிந்து பார்த்தான். மஞ்சள் ஸ்டிக்கர்.

டிரைவர் அதை நகத்தால் மெல்ல உரித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"என் மாமியாரோடது தம்பி. காத்துல பறந்து வந்து ஒட்டிக்கிச்சு போலிருக்கு."