கிளையோடு கிளையாக ஒரு விடுதி

புளுகு என்று நினைப்பவர்கள் அந்த இலுப்பை மரத்தையே கேட்டுக்கொள்ளலாம். அங்கே குயில் வாத்தியாரிடம் பாட்டுப் படிக்க வெளியூரிலிருந்து பன்னிரண்டு காக்கைக் குஞ்சுகள் வந்து சேர்ந்தன. தங்க இடமில்லை, மழையோ தலைக்கு மேலே நின்றது. விடுதி கட்டப் பச்சோந்தி மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள்.

எதிர்ப்பொந்து மரங்கொத்தியார் முதல் நாளே மறித்தார். நாள் முழுக்க டொக்கு டொக்கென்று தட்டுகிறவர், தனக்குச் சத்தம் ஆகாது என்றார்.

"கட்டுறதானா கட்டுமய்யா. ஆனா நம்ம கிளையோட ஒத்துப்போகணும். துருத்திக்கிட்டுத் தெரிஞ்சா கொத்திப் பிரிச்சிடுவேன்!"

மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒத்துப்போவதைப் பற்றி எனக்கே பாடமா? உதிர்ந்த சுள்ளி, சருகு, பழைய சிலந்தி வலை, இவ்வளவுதான் சாமான். செலவென்று ஒரு புழுகூட ஆகவில்லை. எட்டே நாளில், கிளையோடு கிளையாக, இலையோடு இலையாக விடுதி எழும்பிவிட்டது.

திறப்பு விழாவன்று குயில் வாத்தியார் கேட்டார்: "எங்கேய்யா கட்டடம்?"

"இதோ..." என்று திரும்பிய மேஸ்திரி ஒரு கண்ணை மேலேயும் மறு கண்ணைக் கீழேயும் உருட்டினார். மரம்தான் தெரிந்தது. கிளை கிளையாகத் தடவியும் பார்த்தார். அவர் மானம் போய்க்கொண்டிருந்தபோதே மழை கொட்டியது. பன்னிரண்டு குஞ்சுகளும் கண்ணில் பட்ட ஒரே பொந்துக்குள் புகுந்து, அங்கேயே சரிகம பாடத் தொடங்கின.

சற்று நேரத்தில், சுவரோடு நசுங்கிப்போன மரங்கொத்தியார் அலகை மட்டும் வெளியே நீட்டினார்.

"மேஸ்திரி... இன்னொண்ணு கட்டுமய்யா. என் கொண்டை மாதிரி, ஊருக்கே தெரியுற சிவப்புல!"