இரக்கம் வந்தால் அதிரும்

“ஆபரேஷன் நடுவுல கை நடுங்கிச்சாமே, ஈஸ்வரி?”

கேட்டவன் டாக்டர் இருதயராஜ். கல்லூரியில் அவளோடு படித்தவன், இன்று அவளை மதிப்பிட வந்திருக்கிறான். மதிப்பெண் அறுபதுக்குக் கீழே போனால், டாக்டர் ஈஸ்வரி இனி தியேட்டருக்குள் கால் வைக்க முடியாது.

அவன் மணிக்கட்டில் கறுப்புப் பட்டை. சக டாக்டர் மீது இரக்கம் வந்தால் அது அதிரும், மதிப்பெண் சரியும். மதிப்பிடும் டாக்டர்களுக்கான பயிற்சியைத் திட்டமிட்டபோது அந்தப் பட்டையைச் சேர்த்தவளே ஈஸ்வரிதான். நண்பனை நண்பன் காப்பாற்றிவிடக் கூடாதே!

“ஒரே ஒரு தடவை. அம்மாவை எரிச்சுட்டு வந்த மறுநாள்.”

விர்ர்ர்! பட்டை அதிர்ந்தது. திரையில் எழுபது, அறுபத்தைந்தானது.

“பாவி, அதை ஏன்டி சொன்னே?”

விர்ர்ர்! அறுபது.

“என் மேல கோபப்படுடா! காலேஜ்ல உன்னை எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன்!”

“அதை நினைச்சா சிரிப்புதான்டி வருது.”

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே கடைசிக் கேள்வியை ஒப்பித்தான்.

“மதிப்பீட்டாளர் பயிற்சியை மேம்படுத்த உங்கள் யோசனை?”

“ஒண்ணுமில்லை சார். பயிற்சி ரொம்ப நல்லா இருக்கு.”

இத்தனை வருஷத்தில் அவள் அவனை சார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இருதயராஜ் திரும்பிப் பார்த்துவிட்டான்.

விர்ர்ர்!